அரியமான் கடற்கரைக்கு டீ கொண்டுபோக: பார்க்க அழகாகவும் காற்றுக்குத் தாங்கும்படியும் என்ன சாமான் வாங்கலாம்?

உச்சிப்புளி வீடு கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு உச்சிப்புளியில், அரியமான் கடற்கரை பக்கம்தான். மே மாதம் பிறந்தால் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம், துபாயிலிருந்து கொழுந்தன் குடும்பம் என்று எல்லோரும் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பிள்ளைகள் கடலுக்குப் போகலாம் என்று ஆரம்பித்துவிடும், பெரியவர்களுக்கோ அந்த நேரத்தில் டீ இல்லாமல் முடியாது, அதனால் டீயைத் தூக்கிக்கொண்டே கிளம்புகிற பழக்கம் எங்கள் வீட்டில் வந்துவிட்டது.

இதுவரை ஒரு பெரிய பிளாஸ்க், கடையில் வாங்கிய காகிதக் கப், பிளாஸ்டிக் கவரில் முறுக்கு, இவ்வளவுதான். டீயைக் குடித்துக் கீழே வைத்த மறு நிமிடம் கப் பறக்கிறது, பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள், பாதி கையில் கிடைப்பதே இல்லை. எனக்கு அது மனசுக்குப் பிடிக்கவில்லை. வருஷத்தில் ஒரு தடவை எல்லோரும் ஒன்றாக உட்காருகிற நேரம், அது கொஞ்சம் அழகாக இருக்கட்டுமே என்று ஆசை. அதே சாமான் மற்ற நாளில் வீட்டுத் திண்ணையிலும் புழங்க வேண்டும், பரணில் கிடக்கக் கூடாது.

இணையத்தில் தேடினால் கண்ணைப் பறிக்கிற மாதிரி காட்டுகிறார்கள். பூப்போட்ட டீ செட், தோல் வார் வைத்த பின்னல் கூடை, சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு, மூன்று தட்டு அடுக்கிய கேக் ஸ்டாண்டு, டீ பானைக்குப் போடுகிற பஞ்சு உறை. எல்லாம் அழகுதான். ஆனால் அதெல்லாம் புல்தரையில் உட்காருகிற ஊருக்குச் செய்தது. இங்கே உப்புக் காற்றில் வாசல் கேட்டுக்கே வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம்.

பத்துப் பேருக்கு வேண்டும், ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது. கப் எதில் வாங்குவது, கூடை எது, விரிப்பு எது, டீ பானை நமக்கு உபயோகப்படுமா? அத்தை சுத்த சைவம், முட்டி வலி வேறு, அவரையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:

அக்கா, சாமான் வாங்கும் முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். அரியமான் வடக்குப் பார்த்த கரை, பாக் விரிகுடா பக்கம். வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் ஆவணி வரை விடாது, அந்தக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அந்த மாதங்களில் அங்கே அலை அவ்வளவாக இருக்காது, ஆனால் கையைவிட்டுப் பறக்கிற எதுவும் நேராகத் தண்ணீருக்குத்தான் போகும். உங்கள் காகிதக் கப் கிடைக்காமல் போவது அதனால்தான். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று வந்தால் இது அப்படியே திரும்பிவிடும், மணலும் சாரலும் முகத்தில் அடிக்கும். அப்போது மண்டபத்துக்குப் பக்கத்தில், வேதாளை பக்கம் மன்னார் வளைகுடாக் கரையில் போய் உட்காருவது மேல். மே மாதத்துக்கு அரியமான் சரியான இடம். சவுக்குத் தோப்பை ஒட்டி, மரம் காற்றை மறைக்கிற மாதிரி உட்காருங்கள்.

இப்போது கப் விஷயம். படத்தில் காட்டுகிற டீ கப்புக்கு வாய் அகலம், அடி சின்னது. மேஜையில் சாசர் மேல் வைத்தால் அது நிற்கும், மணலில் சாயும். வாய் அகலமாக இருப்பதால் காற்றில் சீக்கிரம் ஆறியும் போகும். நமக்கு வேண்டியது நேராக எழும்பிய, அடி கனத்த, பிடி வைத்த மக்.

எனாமல் மக் இப்போது மறுபடி கடைக்கு வந்திருக்கிறது, வெள்ளையில் நீல விளிம்பு, பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசுவதுதான் எனாமல். கீழே விழுந்தால் உடையாது, ஆனால் ஓரத்தில் பூச்சு தெறிக்கும், தெறித்த இடத்தில் நம் ஊர்க் காற்றுக்கு ஒரு வாரத்தில் துரு தெரியும். உட்பக்கம் தெறித்த மக்கில் குடிக்காமல் செடி வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, சூடான டீ ஊற்றினால் எனாமல் விளிம்பு உதட்டைச் சுடும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள்.

மூங்கில் கப் என்று விற்கிறார்களே, அதை வாங்குவதாக இருந்தால் நன்றாக விசாரியுங்கள். மூங்கில் தூளை மெலமைன் என்கிற பிளாஸ்டிக் பிசினோடு சேர்த்து அழுத்தியதுதான் நிறைய. மெலமைன் 70 டிகிரிக்கு மேல் சூடானதற்கு ஆகாது, நாம் குடிக்கிற டீ ஊற்றும்போது அதைவிடச் சூடு. மெலமைன் தட்டில் முறுக்கு, பிஸ்கட் வைத்துக் கொடுங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. டீக்கு மட்டும் வேண்டாம்.

கீழக்கரைப் பெண்:

அக்கா, உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் ஊரில் பழைய வீடுகளில் கொழும்பு, பர்மா என்று தொழிலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த பீங்கான் இன்னும் இருக்கிறது. எங்கள் உம்மம்மா வீட்டில் கண்ணாடி அலமாரியில் நீலப் பூப்போட்ட கோப்பைகள் வரிசையாக இருக்கும், பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும். அதனால் பீங்கானே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டுத் திண்ணைக்கு ஒரு ஆறு கப் நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். போன் சைனா என்பதில் மாட்டு எலும்பைச் சுட்ட சாம்பல் கலந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வந்த முறை அது, அந்தச் சாம்பலால்தான் வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகவும் உறுதியாகவும் வருகிறது. அத்தை சுத்த சைவம் என்கிறீர்கள், வாங்கிய பிறகு தெரிந்தால் அவருக்கு மனக்கஷ்டம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரண பீங்கானிலோ, ஸ்டோன்வேர் என்கிற கனத்த சுட்ட களிமண் சாமானிலோ எலும்பு கிடையாது. உத்தரப் பிரதேசத்து குர்ஜாவிலிருந்து கையால் பூ எழுதிய கப்புகள் வருகின்றன, கனமானவை, காற்றுக்கு அசையாது, நிறமும் நம் வெயிலுக்குப் பொருத்தமாக இருக்கும். தங்க விளிம்பு வைத்தது வேண்டாம். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, நாராலே தேய்த்தால் தங்கம் போய்விடும்.

டீ பானை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாம் பாலோடு கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கிறவர்கள், பானை எதற்கு என்று தோன்றும். ஆனால் வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தால் ஒருவருக்கு டிகாஷன் தூக்கலாக, ஒருவருக்குப் பால் கூட, ஒருவருக்குச் சர்க்கரை இல்லை. டிகாஷனைப் பானையிலும் காய்ச்சிய பாலை ஒரு ஜக்கிலும் வைத்துவிட்டால் அவரவர் கலந்துகொள்வார்கள். வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். மூக்கு வழியாக ஒழுகாமல் ஊற்ற வேண்டும், சாய்த்தால் மூடி விழக் கூடாது, உள்ளே மூக்கின் அடியில் வடிகட்டித் துளை இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பானை நம் கப்புக்கு ஆறேழு வரும். பஞ்சு உறையைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம், பழைய பட்டுச் சேலைத் துண்டு இரண்டுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தால் கடையில் கிடைப்பதைவிட அழகாக வரும்.

கேக் ஸ்டாண்டை விட்டுவிடுங்கள் அக்கா. கடற்கரையில் அது நிற்கவே நிற்காது. அதற்குப் பதில் நான்கு அடுக்கு டிபன் கேரியர் ஒன்று போதும். ஒரு அடுக்கில் தொதல் இனிப்பு, ஒன்றில் சம்சா, ஒன்றில் முறுக்கு, ஒன்றில் நறுக்கிய மாம்பழம். இறக்கிப் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம், காற்று வந்தால் திரும்ப அடுக்கிவிடலாம், மணலும் விழாது ஈயும் வராது. தொதல் கொண்டுபோனால் வாழை இலையை வெட்டி அடியில் போடுங்கள், எண்ணெய் அடுக்கில் ஒட்டாது.

தட்டு வேண்டும் என்றால் எங்கள் ஊரில் விருந்துக்கு வைக்கிற சஹன் தட்டு நினைவுக்கு வருகிறது. சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதற்கு என்று செய்த பெரிய வட்டத் தட்டு, விளிம்பு தூக்கி இருக்கும். கப்புகளை அதில் வைத்தால் மணலே தொடாது, சிந்தினாலும் அதற்குள்தான் நிற்கும். நடுவில் வைத்துவிட்டால் எல்லோரும் தானாகவே சுற்றி உட்காருவார்கள்.

ஜக்குக்கு மேல் போட கொக்கிப் பின்னல் துணி, ஓரத்தில் கண்ணாடி மணி கோத்தது. மணியின் கனத்துக்குக் காற்று அதைத் தூக்காது. எங்கள் பக்கம் பெண்கள் வீட்டிலேயே பின்னுவார்கள்.

பனங்காட்டுச் சாயல்குடி:

கூடைக்கு நான் வருகிறேன். தோல் வாரும் இரும்புக் கொக்கியும் வைத்த அந்த வெளிநாட்டுக் கூடையை வாங்கவே வாங்காதீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் தோலில் பூஞ்சை ஏறும், கொக்கி துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். அதன் விலையில் பாதிக்கு நம் மாவட்டத்திலேயே பனையோலையில் கேட்ட அளவுக்கு முடைந்து வாங்கலாம். பனை நம் மாநில மரம், இந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் அதுதான், அப்படியிருக்க ஓலை முடையத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். நீங்கள் ஒரு கூடை சொல்லி வாங்கினால் ஒரு வீட்டுக்கு வேலை.

ஓலையிலும் வித்தியாசம் உண்டு. குருத்தோலையில் முடைந்தது வெளுப்பாக, வழவழப்பாக, சாயம் ஏற்றினால் பளிச்சென்று இருக்கும், பிஸ்கட் பெட்டி, கரண்டி பெட்டி, மூடி போட்ட கொட்டான் இதற்கெல்லாம் அதுதான் அழகு. கனம் தூக்க அது ஆகாது. பிளாஸ்க், கேரியர், மக் எல்லாம் வைத்துத் தூக்க வேண்டும் என்றால் பனை மட்டையில் கிழித்த நாரால் முடைந்த நார்ப்பெட்டி கேளுங்கள். நார்ப்பெட்டி தாங்குகிற கனம் வேறு எதுவும் தாங்காது. சொல்லும்போது பிளாஸ்கின் உயரம், கேரியரின் அகலம் அளந்து கொடுங்கள், நடுவில் ஒரு தடுப்பும் வைத்துத் தரச் சொல்லுங்கள், பாத்திரம் ஒன்றோடொன்று இடிக்காது. பிடி நீளமாக இருந்தால் தோளில் மாட்டலாம்.

பராமரிப்பு ஒன்றும் பெரிதல்ல. ஓலைக்கு எதிரி ஈரம். கடலிலிருந்து வந்ததும் மணலைத் தட்டிவிட்டு ஈரத்துணியால் துடைத்து, இளவெயிலில் காயவைத்து, காற்றோட்டமான இடத்தில் மாட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மூடினால் கரும்புள்ளி விழும். உச்சி வெயிலில் நாள்கணக்கில் போட்டால் ஓலை மொடமொடத்து முறியும்.

விரிப்புக்கும் பாய்தான். துணி விரிப்பில் மணல் நூலுக்குள் புகுந்துகொண்டு வீடு வரை வரும், ஓலைப்பாயோ கோரைப்பாயோ ஒரு உதறலில் சுத்தமாகிவிடும். உட்கார்ந்தால் சூடும் ஏறாது. பத்தமடைப் பாய் மெல்லிசு, அழகு, அதைத் திண்ணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு முரட்டுப் பாய் போதும். மூலைக்கு ஒரு சின்னத் துணிப்பை தைத்துக் கொண்டுபோய் அங்கேயே மணல் நிரப்பிக் கட்டிவிட்டால் பாய் எழும்பாது, கல் தேட வேண்டியதும் இல்லை.

பங்குனி, சித்திரையில் பதநீர் கிடைக்கிற நேரம் என்றால் பனையோலையை மடித்துப் பட்டை கட்டிக் கேளுங்கள். அந்தப் பட்டையில் பதநீர் குடித்த பிள்ளைகள் கண்ணாடி டம்ளரைத் திரும்பிப் பார்க்காது. வைகாசி வரைக்கும் நுங்கும் கிடைக்கும், வெட்டி அடுக்கிக் கொண்டுபோகலாம்.

பாத்திரக்கடை ராமநாதபுரம்:

எங்கள் குடும்பத் தொழில் பாத்திரம், அதனால் ஸ்டீல் பற்றி மட்டும் சொல்கிறேன். கடற்கரை வீட்டுக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் கையில் காந்தத்தோடு வருகிறார்கள், ஒட்டவில்லை என்றால் அசல் ஸ்டீல் என்று திருப்தியாக வாங்கிப் போகிறார்கள். அது சரியான சோதனை கிடையாது. 304 என்கிற ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 202 என்கிற மலிவு ரகத்திலும் ஒட்டாது. 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். மதுரைப் பக்கம் புழங்கினால் இரண்டும் ஒன்று மாதிரித்தான் தெரியும், உச்சிப்புளியில் வைத்தால் 202 மேல் பழுப்புப் புள்ளி வந்துவிடும். அடியில் 304 என்றோ 18/8 என்றோ அச்சு இருக்கிறதா பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். 304 என்றாலும் கடல் தண்ணீர் பட்டால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும், உப்பை அப்படியே காயவிட்டால் அதுவும் புள்ளி விழும்.

கடற்கரைக்கு என் யோசனை, இரட்டைச் சுவர் ஸ்டீல் மக், மூடியோடு. வெளியே கை சுடாது, விளிம்பு எனாமல் அளவுக்குச் சுடாது, மூடி இருப்பதால் மணல் விழாது. நிறம் பூசியதும் கிடைக்கிறது, ஆளுக்கு ஒரு நிறம் என்று எடுத்தால் யார் கப் எது என்ற குழப்பமும் இல்லை, பார்க்கவும் கலகலப்பாக இருக்கும். அழகு பீங்கானில்தான் என்று இல்லை அம்மா.

பிளாஸ்க் ஒன்று பெரிதாக வாங்குவதைவிட ஒரு லிட்டர் இரண்டு வாங்குங்கள். பால் டீயைப் பிளாஸ்கில் ஊற்றி மணிக்கணக்கில் வைத்தால் வாடை வரும், அந்த வெதுவெதுப்பில் பாலும் கெடும். கீழக்கரையிலிருந்து எழுதியவர் வீட்டுக்குச் சொன்ன முறையையே இங்கும் செய்யுங்கள், ஒன்றில் டிகாஷன், ஒன்றில் கொதிக்கக் கொதிக்கப் பால். ஊற்றும் முன்னால் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டினால் சூடு ரொம்ப நேரம் நிற்கும். கழுத்து வரை நிரப்புங்கள், அரைப் பிளாஸ்க் சீக்கிரம் ஆறும். டிகாஷனில் தூள் தங்கக் கூடாது, வடிகட்டி ஊற்றாவிட்டால் போய்ச் சேருவதற்குள் கசந்துவிடும். மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், நாற்றம் அங்கேதான் தங்கும். உள்ளே கறை பிடித்தால் ஆப்பச் சோடாவும் வெந்நீரும் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் போய்விடும், கம்பி நார் போடாதீர்கள். உள்ளே கண்ணாடி வைத்த பழைய ரகப் பிளாஸ்க் சூடு நன்றாகத் தாங்கும், ஆனால் ஒரு குழியில் வண்டி இறங்கினால் முடிந்தது.

கருப்பட்டி டீ என்றால் கருப்பட்டியை டிகாஷனில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், மண் இருக்கும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு.

வீட்டில் பழைய பித்தளைக் கூஜா இருந்தால் அதை எடுங்கள். திருகு மூடி, தூக்கப் பிடி, பிரயாணத்துக்கென்றே செய்த பாத்திரம். குடிதண்ணீருக்கு அதைவிட அழகாக எதுவும் இல்லை. உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், தேய்ந்திருந்தால் பூசிக்கொள்ளுங்கள், பூச்சு இல்லாத பித்தளையில் எலுமிச்சை டீயோ மோரோ ஊற்றவே கூடாது.

மண்டபம் கரை:

எல்லோரும் நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் கரைக்கு வரவே கூடாது. இங்கே கரைவலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடு மணலில் நின்று பின்னால் பின்னால் நடந்து இழுப்பார்கள், கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்க முடியாது. ஒரு சில்லு போதும், ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போவதை நாங்கள் பொறுக்குகிறோம், உள்ளூரில் இருக்கிற நாமும் அதைச் செய்யக் கூடாது.

மண் குவளை பற்றி யாராவது அடுத்து எழுதுவார்கள் என்று நினைக்கிறேன், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நமக்குப் பக்கத்து ஊர், வாங்க வேண்டியதுதான். தண்ணீர் ஜாடி, மூடி வைத்த சட்டி எல்லாம் திண்ணையில் வைத்தால் வீடே நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் மண்தானே, உடைந்தால் மண்ணோடு போய்விடும் என்று கடற்கரையில் போடாதீர்கள். சூளையில் சுட்ட மண் திரும்பக் கரையாது, ஓடாகவே கிடந்து காலைக் கிழிக்கும்.

காகிதக் கப் பற்றி நீங்களே சங்கடப்பட்டீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒருமுறை போட்டு எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் சாமானில் அதுவும் ஒன்று. பறந்து கடலுக்குள் போனால் ஆமைகள் தின்றுவிடும், நம் கடலில் ஆமையும் கடற்பசுவும் இருக்கின்றன.

ராமேஸ்வரத்தில் சிப்பி ஒட்டிய தட்டு, சங்கு பதித்த கரண்டி எல்லாம் வாங்க ஆசை வரும். அழகுக்காகப் பவளத் துண்டு வைத்திருப்பதாக யாராவது காட்டினால் தொடாதீர்கள். பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வாங்குவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

தொண்டிக்காரன்:

மண்டபத்து அண்ணன் சொல்வது சரி. நான் சொன்ன எனாமல் மக்கையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், பூச்சு தெறித்தால் அதுவும் கண்ணாடிச் செதில்தான். பிள்ளைகள் போட்டு அடிக்கிற வயசு என்றால் ஸ்டீல் மக்கே கடற்கரைக்கு, எனாமல் திண்ணைக்கு.

உச்சிப்புளி வீடு:

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நான் முடிவு செய்தது இது. கடற்கரைக்கு மூடி போட்ட ஸ்டீல் மக் பத்து, ஒரு லிட்டர் பிளாஸ்க் இரண்டு. வீட்டில் இருக்கிற கேரியரும் பாட்டி காலத்துக் கூஜாவும் போதும், கூஜாவுக்கு ஈயம் மட்டும் பூச வேண்டும். சாயல்குடிப் பக்கம் நார்ப்பெட்டி சொல்லப் போகிறேன், அளவு எடுத்தாகிவிட்டது. காசு மிச்சம் இருந்தால் திண்ணைக்குக் குர்ஜா கப் ஆறு, டீ பானை ஒன்று. போன் சைனா விஷயத்தை அத்தையிடம் சொன்னேன், நல்லவேளை கேட்டாய் என்றார். பஞ்சு உறையை அவரே தைத்துத் தருகிறாராம், என் கல்யாணத்துக்கு அவர் கட்டிய சேலையிலிருந்து துண்டு எடுக்கிறேன் என்று பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். கை துடைக்க டிஷ்யூ கொண்டுபோனால் அதுவும் பறக்கும், என்ன செய்வது? அத்தையால் கீழே உட்கார முடியாது, மடக்கு நாற்காலி போட்டால் கால் மணலில் இறங்கி ஒரு பக்கம் சாய்கிறது.

கீழக்கரைப் பெண்:

டிஷ்யூ வேண்டாம் அக்கா. பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்து, ஒரு மூலையில் ஆளுக்கு ஒரு நிற நூலில் ஒரு பூ போட்டுவிடுங்கள். மக்கின் நிறத்துக்கே நூலும் எடுத்தால் யாருடையது எது என்று தெரியும். இன்னொரு மூலையில் ஒரு வளையம் தைத்தால் மக்கின் பிடியில் மாட்டிவிடலாம், பறக்காது.

பனங்காட்டுச் சாயல்குடி:

நாற்காலிக்குப் பதில் மோடா என்கிற பிரம்புப் பின்னல் இருக்கை வாங்குங்கள். அதற்குக் கால் கிடையாது, அடி முழுக்க வட்டமாக மணலில் உட்காரும், இறங்காது. உயரமானதாகப் பார்த்து எடுங்கள், முட்டி வலிக்காரர்களுக்குத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கக் கஷ்டம். சாய்ந்துதான் உட்கார வேண்டும் என்றால் மடக்கு நாற்காலியின் முன்கால் இரண்டுக்கும் அடியில் ஒரு பலகை, பின்கால் இரண்டுக்கும் ஒன்று, வண்டியிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நார்ப்பெட்டிக்குப் பங்குனிக்குள் சொல்லிவிடுங்கள், பதநீர் இறக்குகிற வேலை மும்முரமாகிவிட்டால் முடைவதற்கு அவர்களுக்கு நேரம் இருக்காது.